விற்காமல் கைமாறும் பதிவுகள்: காமன் பொட்டலுக்கும் பொருந்தும் சில பழைய ஒழுங்குகள்

மாசி மாதம் மூன்றாம் பிறையில் பொட்டலில் காமன் ஊன்றி, ரதி மன்மதன் கதையான காமன் கூத்துத் தொடங்கிவிட்டால், இலங்கை மலையகத்தில் தலவாக்கலையில் இருந்து பதுளை வரைக்கும் தேயிலைத் தோட்டம் தோட்டமாகத் தப்புப் பறையின் சத்தம்தான். முன்பெல்லாம் அந்தச் சத்தம் அடுத்த மலையைத் தாண்டாது. இப்போது ஆட்டம் முடிவதற்குள்ளேயே கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளையின் போனுக்கும், கட்டாரில் வேலை செய்கிறவருக்கும், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போய்ச் சேர்ந்த சொந்தக்காரருக்கும் போய்விடுகிறது. நல்ல விஷயம்தான். வில்லங்கம் அடுத்த வாரம் வருகிறது. யாரோ ஒருவர் அதே பதிவை வெட்டி, மூலையில் தன் சனலின் பெயரை ஒட்டி, கூத்தைப் பாடி நடத்துகிற மாஸ்டரின் பெயரும் இல்லாமல் தோட்டத்துப் பெயரும் இல்லாமல் யூடியூபில் ஏற்றிவிடுகிறார். அடுத்த வருடம் மாஸ்டர், "போனைத் தூக்கினா நான் பாட மாட்டேன்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நஷ்டம் எல்லோருக்கும்.

இந்தச் சிக்கலை நமக்கு முன்னாலேயே பட்டு, அதற்காகச் சண்டையும் போட்டு, ஒரு மாதிரியாகத் தீர்த்து வைத்த ஆட்கள் இருக்கிறார்கள். கச்சேரிகளை ரசிகர்களே பதிவு செய்து, ஒரு சதமும் வாங்காமல் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிற பழக்கம் அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. அதற்கென்று சில ஒழுங்குகள் உண்டு. வெளியே நின்று பார்த்தால் வீண் பிடிவாதம் மாதிரித் தெரியும், தோண்டிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். அதில் எதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எது இங்கே சரிவராது என்பதைப் பார்ப்போம்.

கதை கிரேட்ஃபுல் டெட் என்ற குழுவைச் சுற்றித்தான் வளர்ந்தது. 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கிய குழு, 1995இல் அதன் கிட்டார் கலைஞர் ஜெரி கார்சியா இறக்கும் வரை 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார்கள். நேற்று வாசித்த மாதிரி இன்றைக்கு வாசிக்க மாட்டார்கள். ஒரே பாட்டு ஒரு இரவு சட்டென்று முடியும், இன்னொரு இரவு எங்கெங்கோ சுற்றி அலைந்துவிட்டு வரும். அதனால் கடையில் இசைத்தட்டு வாங்கினால் மட்டும் போதாது, குறிப்பிட்ட அந்த இரவே வேண்டும் என்று ரசிகர்கள் டேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே காலத்தில் திருட்டு இசைத்தட்டு வியாபாரமும் சூடுபிடித்தது. 1969இல் பாப் டிலானின் வெளிவராத பாடல்களை யாரோ வெள்ளை உறையில் போட்டு விற்றார்கள், அதற்குப் பிறகு கச்சேரிப் பதிவு என்றாலே காசு என்று ஒரு கூட்டம் கிளம்பியது. இதற்கு எதிராக 1971இல் நியூயார்க்கில் லெஸ் கிப்பெல் என்பவர் நாடா மாற்றிக்கொள்கிற ஒரு சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தின் பெயரிலேயே ‘இலவச’ என்று இருந்தது. திருட்டுத் தட்டு விற்கிறவனை வீழ்த்த வேண்டுமா, அதே சரக்கைச் சும்மா கொடு. பொலிசுக்குப் போவதை விட இது சுலபம்.

குழுவும் கண்டுகொள்ளாமல் விட்டது, பிறகு வெளிப்படையாகவே அனுமதித்தது. தாராள மனசு மட்டும் காரணமில்லை. அவர்களுடைய வருமானம் பெரும்பாலும் நுழைவுச் சீட்டில் இருந்து வந்தது. ஒரு நாடா பத்துப் பேர் கைக்குப் போனால் அதில் சிலர் அடுத்த முறை கச்சேரிக்கே வந்துவிடுவார்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்த் தப்புக்காரருக்கு இது பொருந்துமா என்று பிறகு பார்க்க வேண்டியிருக்கிறது.

அனுமதி கிடைத்ததும் வேறு தொல்லை வந்தது. மைக் கம்பங்கள் காடு மாதிரி முளைத்துப் பின்னால் இருப்பவர்களுக்கு மேடை தெரியாமல் போய், ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையில் நிற்பவருக்கும் மறைத்தது. 1984 ஒக்டோபரில் இருந்து, அந்தப் பலகைக்குப் பின்னால் பதிவு செய்கிறவர்களுக்கென்று தனி இடமும் தனிச் சீட்டும் ஒதுக்கினார்கள். நமக்கும் இது தெரிந்த காட்சிதான். பொட்டலில் முன் வரிசையில் சாக்கை விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு முன்னால் போன் கம்பியை நட்டுக்கொண்டு நிற்கிற அண்ணன்மாரை எத்தனை பேர் மனதுக்குள் திட்டியிருப்போம். ஒரு ஓரத்தை ஒதுக்கி, "எடுக்கிறவங்க எல்லாம் இங்க நில்லுங்க" என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும். ஒலிக்கும் அதுதான் நல்லது. தப்புக்குப் பக்கத்தில் போனை நீட்டினால் போனுக்குள் ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற கட்டுப்பாடு மிரண்டுபோய் ஒவ்வொரு அடிக்கும் பாட்டுக் குரலை அமுக்கிவிடும். கேட்டுப் பார்த்தால் மாஸ்டர் கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கும். பத்துப் பதினைந்து அடி தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில், ஆடாமல் வைத்தாலே சாதாரணப் போனில்கூடக் கேட்கும்படியான பதிவு கிடைக்கும்.

மிக்ஸரில் இருந்து நேராக லைன் எடுத்தால் சுத்தமாக வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இசைக்குழுக் கச்சேரிக்கு அது சரி. கூத்துக்கு அது உதவாது, ஏனென்றால் தப்புக்கும் உருமிக்கும் நாம் மைக் வைப்பதே இல்லை. லைனில் வருவது குரல் மட்டும்தான், தாளம் எங்கோ அடுத்த டிவிசனில் கேட்கிற மாதிரி இருக்கும். இன்னொன்று, சவுண்ட் சேர்விஸ் தம்பி பென் டிரைவைச் செருக விட்டார் என்பதற்காக அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அவர் தருவது வயர். அனுமதி பாடுகிறவரிடமும் ஆடுகிறவரிடமும் இருக்கிறது. வெளிநாட்டுப் பதிவுக்காரர்களிடம் இந்த வித்தியாசம் மிகக் கறாராக இருந்தது. பார்வையாளர் பக்கத்தில் இருந்து எடுத்தது ஒரு வகை, ஒலிப் பலகையில் இருந்து எடுத்தது இன்னொரு வகை. 2005 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) இருந்த கிரேட்ஃபுல் டெட் பதிவுகளைத் திடீரென்று இறக்க முடியாதபடி செய்தார்கள். ரசிகர்கள் கொதித்து எழுந்த பிறகு பார்வையாளர் பதிவுகளைத் திருப்பித் திறந்துவிட்டார்கள், பலகைப் பதிவுகளை மட்டும் அங்கேயே கேட்கலாம், இறக்க முடியாது என்று வைத்தார்கள். ரசிகன் தன் கையால் பிடித்தது ரசிகனுக்கு, குழுவின் சொந்த வயரில் வந்தது குழுவுக்கு என்று அதைப் படிக்கலாம்.

சரி, காசு இல்லாமல் எப்படி மாற்றிக்கொண்டார்கள்? கையில் பதிவு இருக்கிறவர் இன்னொரு பதிவுக்கு மாற்றிக்கொள்வார். ஒன்றுமே இல்லாத புதியவர் என்ன செய்வார்? வெற்று நாடாவையும் திருப்பி அனுப்பத் தபால் செலவையும் அனுப்பி வைப்பார், மற்றவர் பதிவு செய்து அனுப்புவார். அவ்வளவுதான், அதற்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது. சிலர், "இரண்டு வெற்று நாடா அனுப்பு, ஒன்றில் பதிவு செய்து தருகிறேன், மற்றது எனக்கு" என்று ஆரம்பித்தார்கள். அது கேவலமாகப் பார்க்கப்பட்டது, ஏனென்றால் அந்த மிச்ச நாடா கூலிதான், கூலி வாங்கினால் அது வியாபாரம்தான். இவ்வளவு நுணுக்கமா என்று தோன்றும். ஆனால் இந்த ஓட்டை வழியாகத்தான் எப்போதும் வியாபாரம் உள்ளே வரும். நம் பக்கத்தில் டவுனில் இருந்த ரெக்கோடிங் பார்களை நினைத்துப் பாருங்கள். சினிமாப் பாட்டைப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் அடித்துத் தருவார்கள், அதற்குக் காசு வாங்குவார்கள், அது அவர்கள் தொழில். திருவிழாவில் பாடிய நம் ஆட்களின் பதிவும் அதே கடையில் அதே விலைக்கு வந்தால் பாடியவருக்கு அதில் என்ன கிடைக்கும்?

இன்றைக்கு வெற்று நாடாவின் இடத்தில் பென் டிரைவ் இருக்கிறது. கேட்கிறவர் பென் டிரைவைக் கொடுக்கட்டும், பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினால் அந்தச் செலவையும் அவரே பார்க்கட்டும். "டேட்டாவுக்கு மட்டும் ஒரு நூறு ரூபா ரீலோட் போட்டு விடுங்க" என்பதில் தப்பில்லை, உண்மையிலேயே டேட்டாவுக்குத்தான் என்றால். அதுவே எல்லோரிடமும் முந்நூறு, ஐந்நூறு என்று போனால் என்ன பெயர் வைத்தாலும் அது விலைதான்.

நாடாக் காலத்தில் இன்னொரு பிரச்சினை, கொப்பி எடுக்க எடுக்கச் சத்தம் கெடும். முதல் நாடாவில் இருந்து எடுத்தது முதல் தலைமுறை, அதில் இருந்து எடுத்தது இரண்டாவது. ஐந்தாறு தலைமுறை போனால் இரைச்சலுக்கு நடுவே பாட்டைத் தேட வேண்டும். அதனால் மரம் போட்டார்கள். மூல நாடா வைத்திருப்பவர் வேர், அவர் நான்கைந்து பேருக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பார், அவர்கள் கிளைகள், ஒவ்வொரு கிளையும் இன்னும் நான்கைந்து பேருக்கு. யாருக்கும் பாரம் கூடாது, கடைசி ஆளுக்கும் மூன்றாம் தலைமுறைக்குள் கிடைத்துவிடும். நாடாவின் உறையில் இது எத்தனையாவது கொப்பி என்று எழுதியே ஆக வேண்டும், எழுதாமல் கொடுப்பவரோடு அடுத்த முறை யாரும் மாற்றமாட்டார்கள்.

டிஜிட்டல் வந்ததும் கொப்பி கெடாது என்று சந்தோஷப்பட்டோம். வட்ஸ்அப் அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது. வீடியோவாக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் நசுக்கித்தான் அனுப்பும். அதை இன்னொருவர் இறக்கி, வெட்டி, மறுபடி அனுப்பினால் மறுபடி நசுங்கும். நாலு தோட்டம் தாண்டி வருகிற வீடியோவில் தப்பின் ஓசை தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம், அடித்தவர் மேல் குற்றமில்லை. அதே வட்ஸ்அப்பில் ‘டொகியுமெண்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஃபைலில் கைவைக்காது, அப்படியே போகும், 2 ஜிபி வரை ஏற்றுக்கொள்ளும். இந்த ஒரு பழக்கம் மட்டும் வந்தாலே பெரிய மாற்றம்.

1998இல் இணையத்தில் உருவான ஈட்ரீ என்ற பதிவுக்காரர் கூட்டம் இதில் மிகக் கண்டிப்பாக இருந்தது. எம்பி3 மாற்றிக்கொள்ளவே கூடாது. ஃப்ளாக் போன்ற, அளவைக் குறைத்தாலும் ஒலியில் எதையும் தூக்கிப் போடாத வடிவங்களில்தான் கொடுக்க வேண்டும். எம்பி3ஐத் திருப்பி ஃப்ளாக்காக மாற்றிக் கொடுப்பது அவர்களிடத்தில் பெரிய குற்றம், ஏனென்றால் போனது போனதுதான், பெட்டி மட்டும் பெரிதாகும், வாங்குகிறவர் இதுதான் அசல் என்று நம்பிவிடுவார். 128 கிலோபிட்டில் சுருக்கிய எம்பி3யில் ஏறக்குறைய 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே ஒலி வெட்டுப்பட்டிருக்கும், ஒலி வரைபடம் காட்டுகிற இலவச மென்பொருள் எதிலும் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நமக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா? எல்லோருக்கும் வேண்டியதில்லை என்பதே என் கருத்து. சிடி தரத்தில் ஒரு மணி நேரம் என்றால் சுமார் 635 எம்பி; விடிய விடிய ஆடுகிற கூத்து எட்டு மணி நேரம் என்று வைத்தால் 5 ஜிபி. ஃப்ளாக்கில் போட்டால் இதில் பாதியளவுக்கு வரலாம், அதுவும் டேட்டா கார்ட் போட்டுப் பார்க்கிறவருக்குப் பெரிய தொகை. லயத்துக் காம்பராவில் இருந்து கேட்கிற அம்மாவுக்கு எம்பி3 போதும், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் எங்காவது ஒரு இடத்தில், ஒருவர் கையிலாவது, போன் எடுத்தபடியே அசல் ஃபைல் இருக்க வேண்டும், எம்பி3 என்றால் எம்பி3 என்று பெயரிலேயே போட்டுவிட வேண்டும்.

அசலில் எதை வெட்டுவது என்பதும் ஒரு கேள்வி. பழைய பதிவுக்காரர்கள் பாட்டுக்கு நடுவில் சுருதி சேர்ப்பதை, பேசுவதை, சும்மா நிற்பதைக்கூட வெட்டமாட்டார்கள். கூத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் தப்புக் காய்ச்சுவது. மலையில் ராத்திரி பனி இறங்கினால் தோல் தொய்ந்துவிடும், சத்தம் மந்தமாகும், உடனே நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வாட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி வாட்டி, ஓசை ஏறியதும் வந்து சேர்ந்துகொள்வார்கள். அந்த நேரத்தில் ஒரு தப்பு குறைவாக ஒலிக்கும், மாஸ்டர் ஒரு அடியைக் கூடுதலாக இழுத்துப் பாடி நேரத்தை நிரப்புவார். ‘போரான இடம்’ என்று அதை வெட்டி எறிந்தால், பாட்டு ஏன் அந்த இடத்தில் நீள்கிறது என்பதே பிறகு கேட்கிறவருக்குப் புரியாது. அனுப்புவதற்கு வேண்டுமானால் வெட்டுங்கள். வைத்துக்கொள்வதை வெட்டாதீர்கள்.

பதிவோடு கூடவே ஒரு எழுத்து ஃபைலும் போக வேண்டும் என்பது அந்த ஆட்களுடைய இன்னொரு கட்டாயம். யார், எங்கே, எந்த நாள், எந்தக் கருவியில் எடுத்தது, அதற்குப் பிறகு என்னென்ன செய்தது, எல்லாம் அதில் இருக்கும். அந்த ஃபைல் இல்லாத பதிவை அனாதை மாதிரி ஒதுக்குவார்கள். நமக்கு என்றால் தோட்டத்தின் பெயர், பிரிவு, காமன் ஊன்றி எத்தனையாவது இரவு, கூத்து மாஸ்டர், ரதி மன்மதன் வேஷம் கட்டியவர்கள், தப்பு உருமி தவில் யார் யார், யாரிடம் கேட்டு எடுத்தது, எங்கே கொடுக்கலாம் எங்கே கூடாது என்று சொன்னார்கள், எந்தப் போன், எங்கே வைத்தது. பத்து வரிக்குள் முடிந்துவிடும். தமிழில் தட்டச்சு வராவிட்டால் பதிவின் ஆரம்பத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள், ஒலியோடு ஒட்டிக்கொண்டே போகும், யாரும் சுலபத்தில் பிரிக்க முடியாது. ‘சூப்பர் தப்பு 2’ என்று பெயர் வைத்த ஃபைலை ஐந்து வருடம் கழித்து யாராலும் அடையாளம் காண முடியாது.

வேஷம் கட்டியவர்களின் பெயரைப் போடுவதற்கு அவர்களிடமே கேளுங்கள். காப்புக் கட்டி விரதம் இருந்து ஆடுகிறவர்கள் சிலர் அதை நேர்த்தியாகச் செய்கிறார்கள், பெயர் வெளியே வருவதை விரும்பமாட்டார்கள். சிலருக்குப் பெயர் வராவிட்டால்தான் கோபம். இரண்டும் அவரவர் இஷ்டம்.

யாரிடம் அனுமதி கேட்பது என்பதில் நமக்கும் அமெரிக்காக்காரருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஒரு குழு, ஒரு மேலாளர், ஒரு பதில். 2002இல் இணைய ஆவணக் காப்பகம் ஈட்ரீயோடு சேர்ந்து நேரடி இசைத் தொகுப்பைத் தொடங்கியபோது, சம்மதம் சொன்ன குழுக்களின் பதிவுகளை மட்டும் வைப்பது என்று முடிவு செய்ய முடிந்தது. காமன் கூத்துக்கு யார் சொந்தக்காரர்? பாட்டு வழிவழியாக வந்தது. மாஸ்டர் அதைத் தன் வழியில் சொல்லிக் கொடுத்தார். ஆடியவர் தோட்டத்துப் பையன். செலவைத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் முதலில் மாஸ்டரிடம் கேட்க வேண்டும், அவர் சரி என்றால் கமிட்டித் தலைவரிடம் ஒரு வார்த்தை, பிறகு தப்பு செட்டிடம். தப்பு செட்டை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அவர்கள் கூலிக்கு வந்தவர்கள்தானே என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த நினைப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பதிவில் கூடுதலாகக் கேட்பது அவர்கள் கை வேலைதான், கேட்காமல் எடுப்பது அசிங்கம்.

சரி என்று சொன்ன பிறகும் எல்லாமே வெளியே போகக்கூடியது இல்லை. காமன் எரிந்தானா எரியவில்லையா என்று எதிரெதிராகப் பாடி வாதாடுகிற லாவணி சூடாகிற நேரத்தில், அல்லது கோமாளி வந்து நிற்கிற நேரத்தில், தோட்டத்து ஆட்களைப் பெயர் சொல்லிச் சீண்டுவது உண்டு. பொட்டலில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் அது சிரிப்பு, சீண்டப்பட்டவரும் சிரிப்பார். அதே துண்டு வட்ஸ்அப்பில் வேறு ஊருக்குப் போனால் அது அவதூறு. அந்த இடங்களை அசலில் வைத்துக்கொண்டு, கொடுக்கிற கொப்பியில் இருந்து எடுத்துவிடுவதுதான் மரியாதை. ஒப்பாரி விஷயத்தில் நான் இன்னும் கறார். செத்த வீட்டில் போனை எடுக்கவே கூடாது என்று நினைக்கிறவன் நான். ஆய்வுக்கு, பாதுகாக்க என்று காரணம் இருந்தால் வேறொரு நாள் அந்தப் பாட்டியைப் போய்ப் பார்த்து, அவர் விருப்பப்பட்டுப் பாடினால் எடுக்கலாம். பலர் அப்படியும் பாடமாட்டார்கள், வீட்டுக்குள் சும்மா ஒப்பாரி வைக்கக் கூடாது என்பார்கள். அதோடு விட்டுவிட வேண்டும்.

தமிழ் உலகத்துக்கே இந்த மாற்றிக்கொள்கிற பழக்கம் புதிது என்று சொல்ல முடியாது. கர்நாடக சங்கீத ரசிகர்கள் சபாக் கச்சேரிகளையும் கல்யாணக் கச்சேரிகளையும் நாடாவில் பிடித்துப் பல ஆண்டுகளாகக் கைமாற்றி வருகிறார்கள். சங்கீதப்ரியா என்று அவர்கள் நடத்துகிற இணையத் தொகுப்பில் கடையில் விற்பனைக்கு வந்த எதையும் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். இதே விதி ஈட்ரீக்காரர்களிடமும் உண்டு: கலைஞர் தாமே வெளியிட்ட பதிவு மாற்றுக்கு வராது, போய் வாங்கிக்கொள். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்துவிட்டார், அவருடைய வாசிப்பில் இன்று கேட்கக் கிடைப்பதில் கணிசமான பகுதி ரசிகர்கள் பிடித்துப் பாதுகாத்துக் கைமாற்றியதுதான். அவர்கள் அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் நமக்கு அவர் வெறும் பெயர்.

நம் மலைப் பாடல்களை மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் எழுத்தில் சேர்த்து வைத்தார்கள். எழுத்தில் சொல் வரும், இழுப்பு வராது. இழுப்பு இருக்கிறதெல்லாம் யாருடைய வீட்டுத் தகரப் பெட்டியிலோ கிடக்கிற சி-60, சி-90 கேசட்டுகளில். அதையும் மலை ஈரம் தின்றுகொண்டிருக்கிறது. வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிற கேசட்டை ஆசைப்பட்டு உடனே போட்டுப் பார்க்காதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும், நாடா சிக்கி அறுந்தாலும் அறும். உலர்ந்த இடத்தில் கொஞ்ச நாள் வைத்து, பழக்கப்பட்டவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிவாகும்படி ஓட்டுங்கள். இரண்டாவது ஓட்டம் கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை. ஒருவர் தன் அப்பாவின் கேசட்டை நம்பிக் கொடுத்தால், ஃபைலோடு கேசட்டையும் உறையையும் அதில் அவர் கையெழுத்தில் இருக்கிற துண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ‘என்னிடம் பத்திரமாக இருக்கும்’ என்று வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது திருட்டு.

இப்போது யூடியூபுக்கு வருவோம். "நான் விற்கவில்லையே, சும்மாதானே போட்டேன்" என்று சொல்கிறவரின் சனலுக்கு விளம்பர வருமானம் வருகிறது என்றால் அவர் விற்கிறார். கேட்கிறவர் காசு கொடுக்கவில்லை, விளம்பரக்காரர் கொடுக்கிறார், வித்தியாசம் அவ்வளவுதான். விளம்பர வருமானம் இல்லாவிட்டாலும் பார்வையாளர் எண்ணிக்கை ஏறுவது அவருக்கு முதல்தான், நாளைக்கு அது காசாகும். இதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். யாராவது அந்த ஒலியை விநியோக நிறுவனம் வழியாகத் தன் பெயரில் பதிந்து வைத்துவிட்டால், பிறகு மாஸ்டரின் மகன் தன் அப்பாவின் பாட்டை ஏற்றும்போது தானியங்கி முறை அவனைத்தான் திருடன் என்று நிறுத்தும். எனவே இந்தக் காலத்தில் ‘விற்காதே’ என்ற பழைய விதியை ‘அனுமதி இல்லாமல் பொது வெளியில் ஏற்றாதே’ என்று நீட்டித்துத்தான் படிக்க வேண்டும். ஏற்றச் சம்மதம் கிடைத்தால் விளம்பர வருமானத்தை நிறுத்திவிட்டு, மாஸ்டர் பெயரைத் தலைப்பிலேயே போட்டு ஏற்றுங்கள்.

சட்டமும் இதே பக்கம்தான். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில், நேரில் பாடுவதையும் ஆடுவதையும் பதிவு செய்யவும் அந்தப் பதிவைப் பெருக்கவும் சம்மதம் தருகிற உரிமை நிகழ்த்துகிறவருக்கு இருக்கிறது. நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கென்று தனியான பாதுகாப்பும் உண்டு. வியாபாரத்துக்காகவோ அதன் மரபான சூழலுக்கு வெளியிலோ பெருக்கிப் பரப்புவதைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. திருவிழா இசைக்குழு சினிமாப் பாட்டுப் பாடினால் இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமைகளும் வந்து சேரும். யாரும் இதற்காக ஹட்டன் நீதிமன்றத்துக்கு ஏறப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

முன்பு சொன்ன கணக்கை இங்கே பார்க்க வேண்டும். இலவச நாடாவால் கிரேட்ஃபுல் டெட்டுக்கு லாபம், ஏனென்றால் சீட்டு விற்றது. தப்பு செட்டுக்குச் சீட்டு கிடையாது. ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி வருகிறார்கள். பதிவு நன்றாகப் பரவினால் அடுத்த தோட்டத்தில் இருந்தும் கொழும்பில் இருந்தும் கூப்பிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் பெயரும் தொடர்பும் இல்லாமல் பரவினால் யாரைக் கூப்பிடுவது? அப்புறம், கல்யாண வீட்டில் தப்பு வேண்டும் என்கிறவர் பதிவை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் செட்டைக் கூப்பிடாமல் விடுவதும் நடக்கக்கூடியதுதான். ஆகவே ரசிகன் விற்கக் கூடாது என்ற விதியோடு கலைஞன் விற்கலாம் என்ற விதியும் இருக்க வேண்டும். எடுத்தவர் முதல் கொப்பியை, நசுக்காத அசலை, மாஸ்டருக்கும் செட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அவர்கள் அதைப் பென் டிரைவில் போட்டு இருநூறு ரூபாய்க்கு விற்க நினைத்தால் அது அவர்கள் உழைப்பு. அந்த நிமிடத்தில் இருந்து நம் இலவச மாற்று நிற்க வேண்டும், யாராவது கேட்டால் அவர்களிடம் வாங்கச் சொல்லி நம்பரைக் கொடுக்க வேண்டும். மாஸ்டரைக் கேட்டுக்கொண்டு நம்பரைக் கொடுங்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விதியை மீறி யாராவது விற்றாலோ ஏற்றினாலோ என்ன செய்வது? நாடாக் காலத்தில் ஏமாற்றுகிறவரின் பெயரைப் பட்டியல் போட்டுச் சுற்றுக்கு விட்டார்கள், அவரோடு யாரும் மாற்றமாட்டார்கள். நம் இடம் சின்னது, முகநூலில் பெயர் போட்டுக் கிழித்தால் அது இரண்டு தோட்டத்துச் சண்டையாகி, கடைசியில் கூத்தே நின்றுபோகும். முதலில் ஒரு போன் போடுங்கள். பாதிப்பேருக்குத் தாங்கள் செய்தது தப்பு என்றே தெரியாது, சொன்னால் எடுத்துவிடுவார்கள். எடுக்கவில்லை என்றால் யூடியூபுக்கு நீக்கச் சொல்லி விண்ணப்பம் போடலாம், ஆனால் அதை உரிமை உள்ளவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் போட முடியும். பதிவு செய்தவர் நான்தானே என்ற ஆத்திரத்தில் நீங்கள் உங்கள் பெயரில் போட்டுவிடாதீர்கள். மாஸ்டரோடு உட்கார்ந்து, அவர் பெயரில், அவர் சொல்கிறபடி நிரப்பிக் கொடுங்கள். எந்த நாள், எந்தப் பொட்டல், யார் பாடியது என்ற விவரம் அதில் கேட்கும்போது, அன்றைக்கு எழுதி வைத்த அந்தப் பத்து வரி கையில் இருந்தால் வேலை பத்து நிமிடத்தில் முடியும்.